கறுப்பும் மரக்கன்னமும்

திங்கட்கிழமை காலையில் துவைத்த துணியைக் கொல்லையில் காயப்போடுவது லொரேட்டாவின் வேலை. போர்வைகளின் மறுமுனையைப் பிடிக்க மட்டும் கணவன் வார்விக் வருவான். அவன் கடை இருக்கும் மார்க்கெட்டுக்கு அன்று விடுமுறை. இந்தத் திங்கட்கிழமை அவன் வரவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டு, ஈரப் போர்வையைத் தானே தோளில் போட்டுக்கொண்டு, குடைபோல விரிந்து நிற்கும் துணிக்கொடியைக் கையால் சுற்றிவிட்டு, முனை முனையாக மாட்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அந்தச் சத்தம் தொடங்கியது.

பக்கத்து வீட்டில் ஓடு அறுக்கிறார்கள் என்று முதலில் நினைத்தாள். ஓடு அறுப்பவன் நடுவில் மூச்சு விடுவான். இது விடவில்லை. பல் வைத்தியரின் மெஷின் தலைக்குள் ஓடுவதுபோல மெல்லிசாக, ஒரே கோடாக, வீட்டின் பின்னறையிலிருந்து வந்தது. எலுமிச்சை மரத்தடியில் படுத்திருந்த அவர்கள் நாய் நெல் எழுந்து, வாலை இடுக்கிக்கொண்டு வேலியோரம் போய் நின்றது.

லொரேட்டா ஈரக் கையோடு உள்ளே போனாள். பின்னறையில் வார்விக் சாய்ந்து உட்கார்ந்து, சீஸ் வைத்துச் சுட்ட ரொட்டியைத் தின்றபடி செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தான். அவன் முன்னால் மேஜையில் இரண்டு சிந்தசைசர்கள், பியானோபோலக் கட்டைகளும் மேலே வரிசையாகக் குமிழ்களும் வைத்த மின்னிசை மெஷின்கள். அவற்றில் ஒன்றின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சத்தம் அதிலிருந்துதான்.

"இது என்ன சத்தம்?"

"எது?"

"இதுதான். இப்போ அடிக்கிறது."

வார்விக் தலையைச் சாய்த்துப் பார்த்தான். "ஒண்ணும் அடிக்கலையே. சூடாகட்டும்னு போட்டு வச்சிருக்கேன்."

அதில் இருந்த குமிழ்களில் எது எதற்கென்று லொரேட்டாவுக்குத் தெரியாது. குனிந்து சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். வீடு அமைதியானது.

"ஏன் பிடுங்குன? நல்லா சூடாகி சுருதி நிக்கிற நேரம். இனி மறுபடியும் முதல்லேர்ந்து."

"அது கத்திக்கிட்டிருந்துச்சு, வார்விக்."

"கத்தல."

"என்னை நம்பாட்டி போ. நாயைக் கேளு."

அவன் ஏதோ சொல்ல வந்து, மெஷினின் முகப்பைப் பார்த்தான். கீச்சென்ற உச்ச ஒலிகளைத் திறந்து மூடும் ஃபில்டர் குமிழ் வலது கோடி வரை திரும்பியிருந்தது. அதற்குப் பக்கத்துக் குமிழும் அப்படியே. அந்த இரண்டும் அந்த இடத்தில் இருந்தால் எந்த மெஷினும் சும்மா இருக்காது, தானாக விசில் அடிக்கும். நாற்பது வருடமாக அவனுக்குத் தெரிந்த விஷயம் இது. குமிழைத் திருகத் திருகச் சத்தம் மேலே ஏறி, ஏறி, தேய்ந்து நின்றுவிட்டது என்று அவன் நினைத்திருந்தான். நிற்கவில்லை. அவன் காது எட்டாத இடத்துக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

ரொட்டியைத் தட்டில் வைத்தான். "போர்வை பிடிக்கணுமா?" என்று கேட்டான்.

"மாட்டியாச்சு," என்றாள் லொரேட்டா.

*

வார்விக் டன்ஃபிக்கு ஐம்பத்தெட்டு வயது. பிரெஸ்டன் மார்க்கெட்டில் மீன் கடைகளைத் தாண்டிய முனையில் சாவி வெட்டும் கடை வைத்திருக்கிறான். நாலடிக்கு ஆறடி. சுவர் முழுக்க வெட்டாத சாவிகள், நடுவில் அரைக்கும் சக்கரம். பித்தளையில் சக்கரம் படும்போது எழும் கிறீச்சை மீன் வாங்க வரிசையில் நிற்பவர்கள் முகம் சுளித்துக் கேட்பார்கள். வார்விக் அதை வருடக்கணக்காகப் பக்கத்திலேயே நின்று கேட்டான். காதுக்கு மூடி போட்டுக்கொள் என்று லொரேட்டா வாங்கிக் கொடுத்தது ஆணியில் தொங்குகிறது. போட்டால் வாடிக்கையாளர் சொல்வது கேட்காது என்பான்.

சம்பாதிப்பது அங்கே. அவன் வாழ்ந்தது மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமைகளில். நார்த்கோட்டில் ஒரு பப்பின் பின்கூடத்தில், டிராம் ஓட்டும் காஸும், கால்நடை மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கும் நெரிடாவும், வார்விக்கும் சேர்ந்து வாசிப்பார்கள். காஸுக்குத் தாளம், நெரிடாவுக்குப் பாட்டு, வார்விக்குக்குச் சிந்தசைசர். கேட்க வருவது பெரும்பாலும் அதே முகங்கள்தான். தலைகள் மட்டும் வருடா வருடம் நரைத்துக்கொண்டு வந்தன.

வார்விக் நன்றாக வாசிப்பான் என்று யாரும் சொன்னதில்லை. கட்டைகளை இரண்டு விரலால்தான் அழுத்துவான். "புகார் டைப் அடிக்கிற போலீஸ்காரன்" என்பான் காஸ். ஆனால் இந்த வகை மெஷினில் வாசிப்பது பாதி வேலைதான். இதில் சத்தம் தயாராக இருக்காது. குமிழ்களைத் திருகி நாமே சமைக்க வேண்டும். உப்பு எங்கே போதும், எங்கே கூட என்று கை அறிவதுபோலக் காது அறிய வேண்டும். அது வார்விக்கிடம் இருந்தது. மற்ற குழுக்காரர்கள்கூடத் தங்கள் மெஷினைக் காரில் போட்டுக்கொண்டு அவனிடம் வருவார்கள். ஒரு கட்டையை அழுத்தச் சொல்லிவிட்டு, "ரெண்டாவது குரல் ஒரு மயிரிழை இறங்கியிருக்கு" என்பான். இருக்கும். காஸ் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே அபூர்வம். "காது" என்றுதான் கூப்பிடுவான்.

பதினேழு வயதில் வாங்கிய அவனுடைய பழைய மெஷின் போன மாதம் செத்தது. பழுது பார்ப்பவன் திறந்து பார்த்து, உள்ளே போடச் சாமான் இனிமேல் கிடைக்காது என்று மூடிக் கொடுத்துவிட்டான். மூவரும் சேர்ந்து புதிதாக ஒன்று வாங்குவதென்று முடிவானது. இவர்கள் கைக்கு எட்டுகிற விலையில் இரண்டு இருந்தன. ஒன்று முழுக்கக் கறுப்பு. மற்றதற்கு இரண்டு பக்கமும் மரப்பலகை வைத்திருந்தது. அந்தப் பலகையைச் சிந்தசைசர் கூட்டத்தில் கன்னம் என்பார்கள். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை, கட்டைகளும் அதே எண்ணிக்கை. வித்தியாசமெல்லாம் ஃபில்டரில். கடைக்காரன் காஸுக்குப் பழக்கம் என்பதால் இரண்டையும் வாசித்துப் பார்த்து, வேண்டாததைத் திருப்பித் தரச் சொன்னான். காஸ் இரண்டையும் கொண்டுவந்து வார்விக்கின் மேஜையில் இறக்கினான்.

"சனிக்கிழமை நானும் நெரிடாவும் வர்றோம். அதுக்குள்ள கேட்டு வை. நீ எதுன்னு சொல்றியோ அது," என்றான்.

*

செவ்வாய்க்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது வார்விக் இரண்டையும் பற்றி நிறையப் பேசினான். கறுப்பின் மேல்பக்கம், அதாவது அதன் உச்ச ஒலி, வெண்ணெய் மாதிரி வழிகிறதாம். மரக்கன்னத்தின் மேல்பக்கம் கண்ணாடித் தூள் மாதிரி மின்னுகிறதாம். லொரேட்டா கீரை பஜ்ஜியை அவன் தட்டில் வைத்தாள்.

"இதெல்லாம் நீ கேட்டதா, படிச்சதா?"

அவன் கொஞ்ச நேரம் மென்றுகொண்டிருந்தான்.

"ரெண்டும் எனக்கு ஒண்ணாத்தான் கேக்குது, லொரி."

அவளுக்கு இது புதிய செய்தி இல்லை. டிவியில் கீழே எழுத்து ஓடாமல் அவன் எதையும் பார்த்து இரண்டு வருடம் ஆகிறது. குருவி கத்துவது, மைக்ரோவேவ் அடிப்பது, அவள் அக்காவின் பேச்சு எல்லாம் அவனைவிட்டுப் போயிருந்தன. கடைசியானது போனதில் அவனுக்கு வருத்தம் இல்லை என்று கேலி செய்திருக்கிறாள். ஆனால் வாயால் இப்படி அவன் சொன்னது இதுதான் முதல் தடவை.

"அவங்ககிட்ட சொல்லிடேன்."

"சொன்னா?"

"சொன்னா என்ன, தலையையா வாங்கிடுவாங்க? முப்பது வருஷப் பழக்கம்."

"நான் வாசிக்கிற லட்சணம் உனக்குத் தெரியும். காதும் இல்லன்னா எனக்கு அங்க என்ன வேலை? வாசல்ல நின்னு டிக்கெட் கிழிக்கவா?"

"யாராவது கிழிக்கணும்ல," என்றாள். அவன் சிரிக்கவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் அவளைப் பின்னறைக்குக் கூட்டிப்போனான். திரும்பி நிற்கச் சொன்னான். ஒரு கட்டையை அழுத்தினான். பிறகு இன்னொன்றை.

"முதல்ல கறுப்பு. ரெண்டாவது மரம்," என்றாள் லொரேட்டா.

"எப்படித் தெரியும்?"

"மரத்துக்கு என் கடவாய்ப்பல் கூசுது."

பல முறை மாற்றி மாற்றிப் போட்டான். பாட்டு என்றால் சர்ச்சில் பாடுவதோடு சரி என்று இருப்பவள், ஒரு தடவைகூடத் தவறவில்லை. வார்விக் அவளைப் பார்த்தான். தொலைத்த தன் பர்ஸை அடுத்தவர் கையில் பார்ப்பவன் பார்ப்பதுபோல.

சண்டையில் காட்டக் கூடாத முதுகை இந்தக் கூட்டத்தில் காட்டியே ஆக வேண்டும். புது மெஷின் வாங்குமுன் வாங்குகிறவன் முதுகைக் காட்டி உட்கார வேண்டும். மற்றவர்கள் மாற்றி மாற்றி வாசிப்பார்கள். எது எதுவென்று சொல்ல வேண்டும். பளபளப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட வழக்கம். சொல்லத் தெரியாதவன் பேச்சுக்கு அப்புறம் மதிப்பில்லை. இந்த வழக்கத்தைத் தங்கள் குழுவில் கொண்டுவந்தவனே வார்விக்தான்.

"சனிக்கிழமை நீ சமையலறைக் கதவுகிட்ட உக்காந்து பீன்ஸ் உரி. நான் உன்னைப் பாத்துதான் உக்காந்திருப்பேன். கறுப்பு வாசிச்சா உரிச்சுக்கிட்டே இரு. மரம் வாசிச்சா கையை நிறுத்து."

"நான் என்ன, பரீட்சையில பிட்டு குடுக்கிறவளா?"

"ஒரு நாள்தான்."

"அப்புறம்? முதல் வெள்ளிக்கிழமைக்கும் பீன்ஸ் தூக்கிக்கிட்டு வரணுமா?"

அவள் முடியாது என்றுவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள்.

வியாழக்கிழமை, வார்விக் மறந்து வைத்துவிட்டுப் போன மதியச் சாப்பாட்டைக் கொடுக்க லொரேட்டா கடைக்குப் போனாள். ஒரு பெண் சாவியை நீட்டி வேகமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். தன் அப்பா விழுந்து ஆஸ்பத்திரியில் இருப்பதாகவும், வீட்டைப் பார்த்துக்கொள்ள அண்ணனுக்கு ஒரு சாவி வேண்டுமென்றும். வார்விக் அவள் உதட்டைப் பார்த்தபடி தலையாட்டிக்கொண்டே இருந்துவிட்டு, அவள் நிறுத்தியதும், "ரொம்ப நல்லது" என்று சிரித்தான். அந்தப் பெண் அவனையே பார்த்தாள். பிறகு சாவியை வாங்கிக்கொண்டு போனாள். லொரேட்டா சாப்பாட்டு டப்பாவைப் பலகையில் வைத்துவிட்டுத் திரும்பினாள். வரும் வழியில் காய்கறிக் கடையில் நின்று, ஒரு பை நிறைய, தோலுரித்துப் பருப்பெடுக்கிற பெரிய பீன்ஸ் வாங்கினாள்.

*

சனிக்கிழமை சாயங்காலம் காஸும் நெரிடாவும் வந்தார்கள். காஸ் டிராம் சீருடையிலேயே வந்திருந்தான், கையில் பீர். நெரிடாவின் கையில் லொரேட்டாவுக்குப் பிடித்த பாதாம் பிஸ்கெட். நெல் இருவர் மடியிலும் ஏறி இறங்கி, கடைசியில் மேஜைக்கு அடியில் படுத்தது.

"உக்காரு காது, முதுகைக் காட்டு," என்றான் காஸ்.

வார்விக் நாற்காலியைச் சமையலறைக் கதவைப் பார்க்கத் திருப்பிப் போட்டான். கதவுக்கு அந்தப் பக்கம் லொரேட்டா முக்காலியில் அமர்ந்து, மடியில் கிண்ணமும் காலடியில் தோல் போடத் தொட்டியுமாகப் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள்.

"லொரேட்டா, நீயும் வந்து கேளேன்," என்றாள் நெரிடா.

"எனக்கு எதுக்கு? இங்கிருந்தே காது கிழியுது."

காஸ் வாசித்தான். லொரேட்டாவின் கை ஓடிக்கொண்டிருந்தது.

"கறுப்பு," என்றான் வார்விக்.

அடுத்தது. கை ஓடியது. "மறுபடியும் கறுப்பு. ஏமாத்தாதே."

அடுத்ததற்கு லொரேட்டா முதுகை நிமிர்த்தி, கையைத் துண்டில் துடைத்தாள். "மரம்."

"பாவி," என்றான் காஸ். குரலில் சந்தோஷம். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். வார்விக் கொஞ்சம் யோசிப்பதுபோலக் கண்ணைச் சுருக்கி, ஒவ்வொன்றாகச் சொன்னான். கடைசியில் காஸ் நெரிடாவைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, இரண்டிலும் சேர்த்துக் கையை வைத்தான்.

லொரேட்டா திகைத்தாள். இதற்கு அவர்கள் எதுவும் பேசி வைத்திருக்கவில்லை. ஒரு பீன்ஸைப் பாதி பிளந்தபடி, உரிக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். வார்விக் அந்தப் பீன்ஸையே பார்த்தான்.

"ரெண்டும் சேந்து," என்றான்.

காஸ் மேஜையைத் தட்டினான். "டேய், இந்தக் காதை அறுத்து மியூசியத்துல வைக்கணும்டா. எனக்கு நாலு அடி தள்ளி டிராம் மணி அடிச்சாலே கேக்க மாட்டேங்குது."

"உனக்குப் பயணிங்க கத்தினாலே கேக்காது," என்றாள் நெரிடா.

எல்லோரும் சிரித்தார்கள். வார்விக்கும் சிரித்தான். உண்மையிலேயே தனக்குக் கேட்டுவிட்டது என்று ஒரு நிமிடம் நம்பியவன்போல அவன் முகம் இருந்தது. லொரேட்டாவால் அதைப் பார்க்க முடியவில்லை, பீன்ஸைப் பார்த்தாள்.

"சரி, இப்போ சொல்லு. எது?" என்றான் காஸ்.

"கறுப்போட மேல்பக்கம் வெண்ணெய் மாதிரி..." என்று ஆரம்பித்தான் வார்விக்.

"அதை நானும் படிச்சேன்," என்றாள் நெரிடா. "வெண்ணெய், கண்ணாடித் தூளு எல்லாம். நீ கேட்டதைச் சொல்லு வார்விக். நம்ம பாட்டுக்கு எது?"

வார்விக் அவளைப் பார்த்தான். பிறகு நாற்காலியைத் திருப்பி மேஜையைப் பார்த்து உட்கார்ந்தான். சமையலறை இப்போது அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"சொல்றதென்ன, காட்டுறேன். நம்ம கடைசிப் பாட்டுக்கு ஒரு சத்தம் போடறேன், பாருங்க," என்று மரக்கன்னத்தின் மேல் கையை வைத்தான்.

தொடக்கம் அழகாக இருந்தது. அடியில் ஒரு தடித்த முழக்கம், மேலே மெல்ல விரிகிற இன்னொன்று. காஸ் தொடையில் தாளம் போட ஆரம்பித்தான். வார்விக் கண்ணை மூடிக்கொண்டு, இடது கையால் ஃபில்டரைத் திறக்கத் தொடங்கினான். திறந்தான். இன்னும் திறந்தான். நெரிடாவின் கை தானாகக் காதுக்குப் போனது. மேஜைக்கு அடியிலிருந்து நெல் எழுந்து, நகம் தரையில் கீறக் கொல்லைப்பக்கம் ஓடிக் குரைத்தது. வேடிக்கை செய்கிறான் என்று நினைத்துக் காஸ் பல்லைக் கடித்தபடி இளித்தான்.

"இரு, இன்னும் கொஞ்சம்," என்றான் வார்விக். "இப்போதான் மேல திறக்குது."

காஸின் இளிப்பு நின்றது. அவன் வார்விக்கின் மூடிய கண்களைப் பார்த்தான். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி லொரேட்டாவைப் பார்த்தான். அவள் மடியில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தான். லொரேட்டா தலையைக் குனிந்துகொண்டாள்.

வார்விக் ஃபில்டரை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் கட்டைக்குக் கொண்டுவந்ததும், காஸ் மேஜைக்கு மேலாகக் கையை நீட்டி, இரண்டு விரலால் அந்தக் குமிழைப் பிடித்து, காது பொறுக்கும் அளவுக்கு மெதுவாக இறக்கினான். கூசிய பற்கள் அடங்கின. கொல்லையில் நெல் குரைப்பதை நிறுத்தியது.

வார்விக் கண்ணைத் திறக்கவில்லை. இரண்டு விரலால் வாசித்தபடி தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"ஆங். இதுதான். மேல அந்த மினுமினுப்பு கேக்குதா?"

காஸும் நெரிடாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கேக்குது," என்றாள் நெரிடா.

வாசித்து முடித்து அவன் கண்ணைத் திறந்தபோது காஸ் பீர் பாட்டிலின் தாளை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தான்.

"கறுப்பே எடுத்துக்கலாம்," என்றான் காஸ்.

"ஏன்? இது நல்லாயில்ல?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது மேல ரொம்ப தூரம் போகுது மச்சான். கறுப்புல அவ்வளவு தூரம் போக முடியாது. பப்புக்கு அது போதும்."

வார்விக் காஸின் முகத்தைப் பார்த்தான். நெரிடாவின் முகத்தைப் பார்த்தான். கடையில் வாடிக்கையாளர்களைப் பார்ப்பதுபோல, உதடு உதடாக.

"நானும் கறுப்புதான் சொல்ல வந்தேன்," என்றான்.

"அப்போ சரி. அப்புறம், மேடையில மெஷினைக் கொஞ்சம் நெரிடா பக்கமா வச்சுக்கலாம். நீ கட்டையைப் பாத்துக்கோ, குமிழை அவ பாத்துக்கட்டும். பாடாத நேரத்துல அவ கை சும்மாதானே தொங்குது."

"இவளுக்குக் குமிழைப் பத்தி என்ன தெரியும்?" வார்விக் சிரித்தபடிதான் கேட்டான்.

"சொல்லிக் குடு, கத்துக்கிறேன்," என்றாள் நெரிடா. அவள் பிஸ்கெட் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

மரக்கன்னத்தைப் பெட்டியில் போட்டுக் கட்டினார்கள். கறுப்பையும் எடுத்துக்கொண்டார்கள், நெரிடா வீட்டில் வைத்துப் பழகட்டும் என்றான் காஸ். வார்விக்கும் காஸும் இரண்டையும் கார்வரை தூக்கிப் போய் வைத்தார்கள், வழக்கம்போலக் கனமான பக்கத்தை வார்விக்தான் பிடித்துக்கொண்டான். கிளம்பும்போது காஸ் அவன் தோளில் தட்டி, "வரேன் வார்விக்," என்றான்.

லொரேட்டா ஜன்னல் வழியாகக் கார் தெருமுனை திரும்புவதைப் பார்த்தாள். பீன்ஸ் எல்லாம் உரித்தாகிவிட்டது. இவ்வளவு பீன்ஸை இரண்டு பேர் எப்படித் தின்பது என்று அப்போதுதான் தோன்றியது. கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள்.

வார்விக் காலி மேஜைக்கு முன்னால் அவளுக்கு முதுகைக் காட்டி நின்று, மிச்சமிருந்த ஒயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தான். ஒரு சுற்று உள்பக்கம், ஒரு சுற்று வெளிப்பக்கம், முறுக்கு விழாமல். மேஜையில் மெஷின்கள் இருந்த இடத்தில் தூசி இல்லாத இரண்டு நீள்சதுரங்கள். பிஸ்கெட் கடிபடாமல் ஓரத்தில் இருந்தது.

"வார்விக்," என்றாள். "காஸ் குமிழைக் குறைச்சது உனக்குத் தெரிஞ்சுதா?"

அவள் கத்தவும் இல்லை, முணுமுணுக்கவும் இல்லை. எப்போதும் பேசுகிற குரல்தான். வார்விக் ஒயரைச் சுற்றி முடித்து, முனையை உள்ளே செருகி, மேஜையில் வைத்தான். அடுத்த ஒயரை எடுத்து, அதன் முறுக்கை விரலால் நீவி எடுத்தான்.

அவன் அதையும் சுற்றி முடிக்கும்வரை லொரேட்டா நின்றாள். பிறகு கிண்ணத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அறையைவிட்டு வெளியே வந்தாள்.